தொழில் வரைவுக்கு எம்மொழி?

சென்ற கோடை விடுமுறையில், திருப்பூரிலே பனியன் கம்பெனி நடத்தும் எம் தாய்மாமன் எம்மை வரவழைத்து, “ஏன் கண்ணு, தமிழ் படிக்கறயே, நம்ம கம்பெனி வேலை நடக்கற முறைய எல்லாருக்கும் வெளங்கறாப்புல எழுதிக் குடு” என்றார். அதன் காரணம் இனியதன்று. உடற்பகுதி ஒரு சாயலும் கைப்பகுதி மற்றொரு சாயலுமாய்த் தைக்கப்பட்ட சரக்கு திரும்பி வந்திருந்தது. பழி கட்டிங் மாஸ்டர் தலைமேல் விழ, அவர் கூலியிற் பிடித்தம் செய்வதென்ற பேச்சும் எழுந்திருந்தது.

முதலில் உரைநடையில் எழுதிப் பார்த்தோம். நூல் வாங்கல், பின்னல், சாயம், காம்பாக்டிங், வெட்டு, தையல், செக்கிங், இஸ்திரி, பெட்டியடைப்பு. இவற்றுட் பல வெளியார் செய்யும் ஜாப் ஒர்க். ‘ஆயின்’, ‘அன்றேல்’ என்று கிளைகள் பெருகப் பெருக எம் வாக்கியம் எமக்கே விளங்காதாயிற்று. ஆதலின் தொழில்முறைகளைப் படமாக வரையும் மொழிகளை நாடினோம். அவையோ பாபேலை நினைப்பூட்டுமளவு பலவாயிருந்தன!

தமிழ் மாணாக்கர்க்கு வேறு அளவுகோல் ஏது? எழுத்து, சொல், பொருள் என்னும் தொல்காப்பிய அடைவிலேயே அவற்றை ஆராய்ந்தோம்: குறிகள் எவை, அவை கூடும் விதி யாது, கூடினாற் பெறப்படுவது யாது? 1962-இல் கார்ல் ஆடம் பெட்ரி என்னும் ஜெர்மானியர் வகுத்த வலைகளிற் குறிகள் மிகச் சில. பொருளோ கணிதம்போல் ஐயமற்றது. ஆயின் ஒரு கம்பெனியை வரையச் சுவர் முழுதும் வேண்டும். 1992-இல் ஷேயர் குழுவினர் வெளியிட்ட இ.பி.சி. முறையில் செயலையடுத்து நிகழ்ச்சி, நிகழ்ச்சியையடுத்துச் செயல் என மாறிமாறி எழுதல் வேண்டும். கூறியது கூறலாகவே எமக்குத் தோன்றிற்று. 2004-இல் தோன்றி, 2011-இல் இரண்டாம் பதிப்புற்று, 2013-இல் உலகத் தரமுமாகிய பி.பி.எம்.என். எம் உள்ளத்தைக் கவர்ந்தது. அதில் ஒவ்வொரு நிறுவனமும் தனிக் கட்டம். கட்டத்துள் வேலை செல்வது முழுக்கோட்டில். கட்டம் கடந்து செய்தி செல்வது விட்டுவிட்டு வரையும் கோட்டில். சாயப்பட்டறையும் நம் கம்பெனியும் வேறென்பதை இதனினும் தெளிவாய் உரைப்பது யாது? அதனையே தேர்ந்து மூன்று நாள் வரைந்தோம். சற்றுச் செருக்கும் உற்றோம்.

மாஸ்டர் நெடுநேரம் நோக்கி, “ஏனுங்க தம்பி, துணி பலகை மேல கெடக்கற ஒரு நாள எங்கீங்க போட்டிருக்கீங்க?” என்றார்.

எங்கும் போட்டிலோம். பின்னல் துணியைச் சுருள் பிரித்துத் தளர இட்டு வைத்த பின்னரே வெட்டுவர்; இன்றேல் பின்பு சுருங்கும். அவ்வோய்வு எவருடைய வேலையுமன்று. ஆதலின் எம் படத்தில் இடம்பெறவில்லை. பி.பி.எம்.என்.னிலும் கடிகாரக் குறி உண்டு. எனினும் அதனை இடுக என்று அம்மொழி எம்மை வற்புறுத்தவில்லை.

மறுநாள் பழையதோர் மொழிக்குத் திரும்பினோம். கில்பிரெத் தம்பதியர் 1921-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்த வரைவு முறையினின்று, 1947-இல் அச்சங்கம் ஐந்து குறிகளை வரையறுத்தது: செயலுக்கு வட்டம், பெயர்ச்சிக்கு அம்பு, சோதனைக்குச் சதுரம், சேமிப்புக்கு முக்கோணம், தாமதத்துக்கு ஆங்கில ‘டி’ எழுத்து. கிளை பிரிவதற்கும் பிறர் பட்டறைக்கும் அதிற் குறியில்லை, வறிய மொழியே. ஆயினும் துணியின் பின்னே நடந்து, ஒவ்வோரடியிலும் இஃது இவ்வைந்தில் எதுவென அது வினவுகின்றது. கால் மணியில் மாஸ்டரே குறி சொல்லத் தொடங்கினார். பலகையருகே ‘டி’ இட்டபோது உண்மை வெளிப்பட்டது. சுருள் பிரிக்கையில் லாட் சீட்டு கழன்றுவிடும். வெவ்வேறு லாட் துணிகள் ஒரே பலகையிற் கலந்து கிடக்கும். நிறச் சோதனையின் சதுரமோ அதற்கு முந்தியே முடிந்திருந்தது.

மாமன் ஒன்றும் பேசவில்லை. பிடித்தப் பேச்சு நின்றது. இப்பொழுது ஒவ்வொரு துணியோரத்திலும் லாட் எண் சாக்குக்கட்டியால் எழுதப்படுகின்றது. பட்டறைகளுக்குக் காட்டப் பி.பி.எம்.என். படத்தையும், மேசையருகே தொங்க ஐங்குறிப் படத்தையும் விட்டு வந்தோம்.

விடுமுறை முடிந்து புறப்படுகையில், பின்னதின் அடியில் எவரோ பென்சிலால் இன்னொரு ‘டி’ சேர்த்திருந்தமை கண்டோம். யாதெனக் கேட்டோம். “எங்க வாரக் கூலிங்க தம்பி, அதும் காத்துக் கெடக்குதுங்களே” என்றார் மாஸ்டர்.