சுடுவதா, காப்பதா?

நம் ஊர்ப் பழைய குடும்பங்கள் சிலவற்றில் இன்னும் பிரெஞ்சுக்காலத் துப்பாக்கி ஒன்று பீரோவுக்குள் இருக்கிறது. யாரும் சுடுவதில்லை, விற்கவும் மனம் வருவதில்லை. எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. சென்ற வருடம் அண்ணனுக்கு 82 வயது முடிந்தபோது என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, கண்ணை மூடுறதுக்கு முன்னாடி அப்பா துப்பாக்கியை ஒரே ஒரு தடவை வெடிக்கணும்டா. அந்தச் சத்தத்தைக் கேக்கணும்."

லைசென்ஸ் அண்ணன் பெயரில். முறையாக அனுமதி வாங்கி, சுடும் தளத்தில் வைத்துச் சுடலாம் என்பது அவர் எண்ணம். ஒரு காலத்தில் ஆயுத லைசென்ஸ் கோப்புகளைப் பார்த்த குமாஸ்தா நான். விதிகள் எனக்குப் புதிதல்ல. ஆனால் விதி அனுமதித்தாலும் துப்பாக்கி அனுமதிக்குமா என்பது வேறு கேள்வி.

அது மனுஃப்ரான்ஸ் கம்பெனியின் 'இதேயால்' என்ற இரட்டைக்குழல் துப்பாக்கி, 12 போர். சேன்த் எத்தியேன் நகரில் 1885-இல் தொடங்கி, நூறு வருடம் நடந்து, 1985-இல் மூடப்பட்ட கம்பெனி. 'இரோந்தேல்' சைக்கிள்களும் அவர்கள் தயாரிப்புதான். ஓய்வுபெற்ற சொல்தா ஒருவரிடமிருந்து அப்பா வாங்கினார். ஊசுட்டேரிப் பக்கம் உள்ளான் சுடப் போவார். அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தது. அதோடு சரி. அதற்குப் பிறகு அது வெளியே போவது தேர்தலுக்குத்தான். காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவோம், தேர்தல் முடிந்ததும் திரும்ப எடுத்து வருவோம்.

ஒரு ஞாயிறு காலை, குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சின்னக் கிரீடம், அதன் கீழ் 'பே, தே' என்ற இரண்டு எழுத்துகள். புகையில்லா மருந்து போட்டுச் சோதித்துத் தேறிய குழல் என்று அர்த்தம். அண்ணன் முகம் மலர்ந்தது. பக்கத்திலேயே இன்னொரு எண்: 65. அங்கேதான் சிக்கல்.

65 மில்லிமீட்டர் என்பது தோட்டா உட்காரும் அறையின் நீளம். இன்று கடையில் கிடைக்கும் 12 போர் தோட்டா பெரும்பாலும் 70. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தோட்டா இந்தத் துப்பாக்கிக்குள் தடையின்றிப் போய்விடும். வாய் மடித்து மூடியிருப்பதால் நீளம் குறைந்து தெரியும். 70 என்பது வெடித்து வாய் விரிந்த பிறகான நீளம். அறை குட்டையாக இருந்தால், விரியும் வாய் குறுகலான இடத்தில் போய் அடைக்கும். உள்ளே அழுத்தம் ஏறும். பல வருடம் ஓய்வில் இருந்த குழலை வைத்து அந்தப் பரீட்சை செய்யலாமா? சுடுகிறவர் இடது கை குழலுக்கு அடியில்தானே இருக்கிறது!

அறையை 70-க்குக் கடைந்துவிடலாம் என்றார் பழக்கப்பட்ட ஒரு துப்பாக்கி மெக்கானிக். கடைந்தால் குழலின் கனம் அந்த இடத்தில் குறையும், திரும்பவும் சோதிக்க வேண்டும். அதற்குப் பிறகு அது அப்பா வாங்கிய துப்பாக்கியும் அல்ல. வெளிநாட்டில் 65 தோட்டா கிடைக்கிறது. அதை வரவழைக்கும் காகித வேலை அண்ணன் வயதுக்குள் முடியுமா என்று நானே சிரித்துக்கொண்டேன்.

"வேண்டாம் அண்ணே" என்றேன். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அவர் கோபம் நியாயமானதுதான். சுடாத துப்பாக்கி வெறும் இரும்பு என்பார் அவர். வெடித்துப் பிளந்தால் அந்த இரும்பும் மிஞ்சாது, சுட்டவர் விரலும் மிஞ்சாது என்பேன் நான். கடைசியில் அவரே போன் செய்து, "சரி, எனக்கு அப்புறம் யார் வச்சுக்கறது?" என்று கேட்டார். அவர் பேரன் பாரீசில் இருக்கிறான். வாரிசு என்ற முறையில் நான் மனுப் போட வேண்டும். எனக்கு 76. ஐந்து வருட லைசென்ஸ் எனக்குப் போதும் என்று நினைக்கிறேன்.

காப்பது என்றால் சும்மா வைப்பதல்ல. நம் கடற்காற்றுக்கு இரும்பு தாங்காது. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதனால் அதிலிருந்து எடுத்துவிட்டேன். மாதம் ஒருமுறை எண்ணெய் லேசாகத் தடவி, துணியில் சுற்றி வைக்கிறேன். பளபளப்பாக்க உப்புத்தாள் போடக் கூடாது. பழைய நிறம் போனால் திரும்ப வராது. வெற்று விசையை 'டிக் டிக்' என்று அழுத்தி விளையாடவும் கூடாது. உள்ளே இருக்கும் ஊசி முறியும்.

உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால், முதலில் காலியா என்று பாருங்கள். பிறகு குழலின் அடிப்பக்கத்து எண்ணைப் படியுங்கள். எங்கள் துப்பாக்கியின் பெட்டிக்குள் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதியிருக்கிறது: "அறை 65. கடைத் தோட்டா போடாதே." பாரீஸ் பேரனுக்குத் தமிழ் படிக்க வராது.