கழற்றிப் போட்ட முன் ஷாஃப்ட்

போடிநாயக்கனூர் ஜீப் பட்டறைகளுக்கு மே மாதம் ஓய்வே கிடையாது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இடுக்கி ஏலத்தோட்டத்துப் பாதைகள் சேறும் வழுக்குப் பாறையும்தான். தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் அந்தப் பாதையில் ஜீப்பில்தான் போய்த் திரும்புகிறார்கள். மழைக்கு முன் வண்டியைத் தேற்றியாக வேண்டும்.

நான் போயிருந்த பட்டறையில் பழைய மகிந்திரா ஃபோர் வீல் ஜீப் ஒன்று நின்றது. அதன் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வண்டியில் இல்லை. சுவரோரம் உடைந்த ஸ்பிரிங் பட்டைகளோடு கிடந்தது. கழற்றச் சொன்னவர் வண்டிக்காரரேதான். இந்த வகை ஜீப்பில் டூ வீலில் ஓடும்போதும், முன் சக்கரங்கள் அந்த ஷாஃப்ட்டைச் சும்மா சுழற்றிக்கொண்டே இருக்கும். ஷாஃப்ட்டின் முனைகளில் உள்ள கிராஸ் ஜாயின்ட் தேய்ந்தால் சத்தம் கேட்கும், வண்டி அதிரும். கழற்றிவிட்டால் சத்தமும் இல்லை, டீசலும் கொஞ்சம் மிச்சம் என்பது அவர் கணக்கு.

"ஏறுறது பெரிய விஷயமில்ல சார். எறங்கும்போதுதான் இதோட அருமை தெரியும்" என்றார் மூத்த மெக்கானிக். அவர் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. செங்குத்தான இறக்கத்தில் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. பின் சக்கரங்களுக்குப் பிடிமானம் குறைகிறது. முன் ஷாஃப்ட் இல்லாத வண்டியில் எஞ்சினின் பிடிப்பு அந்தப் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் போகும். ஈரப் பாறையில் அவை வழுக்கினால் மிச்சம் பிரேக் ஒன்றே. ஷாஃப்ட் இருந்து, ஃபோர் வீலில் லோ கியர் போட்டால், பாரம் தாங்கும் முன் சக்கரங்களையும் எஞ்சின் இழுத்துப் பிடிக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் வண்டியில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

ஷாஃப்ட்டைத் திரும்ப மாட்டும் வேலை ஆரம்பித்தது. சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். டீசல் தட்டில் ஷாஃப்ட்டைக் கழுவியதும் அவர் முதலில் தேடியது அம்புக்குறியை. ஷாஃப்ட் இரண்டு துண்டு. ஒன்றுக்குள் ஒன்று பல்வரிசையில் ஏறி, பட்டை அமுங்கி எழும்பும்போது நீண்டு சுருங்கும். இரண்டு முனையிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் நிற்கவேண்டும். கோணத்தில் சுழலும் ஒரு கிராஸ் ஜாயின்ட், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். ஒரு முனையில் வரும் இந்த ஏற்றத்தாழ்வை மறுமுனை ஜாயின்ட் சரிக்கட்டுகிறது. பல்லை மாற்றிக் கோத்துவிட்டால் சரிக்கட்டாது. அதிர்வு வரும், கிராஸ் சீக்கிரமே போகும். குறி அழிந்திருந்த இடத்தில் உளியால் புதுக் கோடு போட்டுக்கொண்டார். அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஸ்பைசர் இந்த ஜாயின்ட்டை மோட்டார் வண்டிக்கு ஏற்றபடி செய்து காப்புரிமை வாங்கியது 1903இல். வேகம் ஏறி இறங்கும் கணக்கை எங்கும் படிக்காத நம் மெக்கானிக், இரண்டு கவைகளையும் கண்மட்டத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "நேரா இருக்கு" என்றார்.

புதுக் கிராஸ் கோப்பதுதான் நுணுக்கமான வேலை. நான்கு முனைக்கும் நான்கு கப். கப்புக்குள் சுற்றிலும் ஊசி ஊசியாக உருளைகள். அவை விழாமல் கிரீஸ்தான் பிடித்து வைத்திருக்கும். உதவிக்கு இருந்த பையன் வைஸில் வைத்து அழுத்தினான். கடைசிக் கப் முழுதாக இறங்கவில்லை. சர்க்கிளிப் அதன் பள்ளத்தில் உட்காரவில்லை. பையன் சுத்தியலைத் தேடினான்.

"டேய், அடிக்காத. வெளிய எடு."

எடுத்துப் பார்த்தால் ஓர் ஊசி சாய்ந்து கப்பின் அடியில் படுத்திருந்தது. அடித்து இறக்கியிருந்தால் ஜாயின்ட் இறுகிப்போயிருக்கும். மலையில் சீக்கிரமே பொரிந்திருக்கும். எல்லா ஊசிகளையும் கொட்டி, கிரீஸ் தடவி, விரல் நுனியால் ஒவ்வொன்றாக நிறுத்தினார். அவர் அவசரப்படவே இல்லை. நான் அன்று பார்த்ததில் மிகச் சிறந்த வேலை அதுதான்.

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒரு கையால் ஷாஃப்ட்டைத் தாங்கி, மறுகையால் யூ போல்ட்டைக் கோக்கவேண்டும். முகத்தில் எண்ணெய் சொட்டுகிறது. நட்டுகளை ஒரே மூச்சில் முடுக்கவில்லை. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். அளவுக்கு மீறி முடுக்கினால் கப் நசுங்கும். பிறகு கிரீஸ் கன். நான்கு சீலிலும் கிரீஸ் எட்டிப் பார்க்கவேண்டும். ஒன்றில் மட்டும் வரவில்லை. ஜாயின்ட்டை ஆட்டி ஆட்டி அடித்து, அதிலும் வந்த பிறகுதான் வெளியே வந்தார்.

கூலி பேசும்போது வண்டிக்காரர் ரொம்பவே குறைத்துக் கேட்டார். எனக்கு அது சங்கடமாக இருந்தது. புதுக் கிராஸும் கூலியும் சேர்ந்தாலும், அந்த வண்டியில் உட்காரும் ஓர் ஆளின் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காணாது.

ஆள் ஏற்றும் ஜீப் வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: சத்தம் வந்தால் கிராஸை மாற்றுங்கள், ஷாஃப்ட்டைக் கழற்றாதீர்கள். தோட்டக்காரர்களும் மழை தொடங்கும் முன், தங்கள் ஆட்களை ஏற்றிவரும் வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். முன் ஷாஃப்ட் இல்லாத வண்டியை மலைக்கு அனுப்பாதீர்கள்.