கொழு புரட்டிய சரித்திரம்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், வடகடலை நோக்கி மெல்லச் சரிந்திறங்கும் சஃபோக் பிரதேசத்தில் மலை என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் கோதுமையும் பார்லியும் விளையும் வயல்களும், அவற்றைப் பிரிக்கும் உயிர்வேலிகளும், வேலிகளுக்கு மேலே தலைகாட்டும் மாதாகோயில் கோபுரங்களுமே தெரியும். ஆயினும் அந்தத் தேசத்தின் சரித்திரத்தைத் திருத்தி எழுதச் செய்த பொருள்களில் எத்தனையோ இந்தச் சாதுவான மண்ணிலிருந்துதான் வெளிப்பட்டிருக்கின்றன. சொந்த முயற்சியாலேயே அகழாய்வைக் கற்றுத் தேர்ந்த பேசில் பிரவுன், 1939-ஆம் வருஷம் சட்டன் ஹூ என்னுமிடத்தில் மண்மேடு ஒன்றைத் தோண்டி, சுமார் 27 மீட்டர் நீளமுள்ள கப்பலோடு புதைக்கப்பட்ட ராஜ சம்பத்தைக் கண்டார். மில்டன்ஹால் ஊரருகே 1942-இல் உழுதுகொண்டிருந்த கார்டன் புட்சர் என்பவரின் கொழுவில் தட்டுப்பட்டது ரோமானியரின் வெள்ளித் தட்டுகளின் குவியல். அந்தப் பிரதேசத்தில், அறுவடை முடிந்த வயல் ஒன்றில், பழம்பொருள் தேடும் இருவருடன் ஒரு நாள் முழுதும் நடந்து, அவர்கள் தொழிலின் நுட்பத்தையும் தர்மத்தையும் அருகிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

இருவரில் ஒருவர் என் நண்பர்; திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர், மின்சார எஞ்சினியராக இப்ஸ்விச் நகரத்தில் குடியமர்ந்தவர். மற்றவர் அந்த ஊரிலேயே பிறந்து, தச்சுவேலை செய்து ஓய்வுபெற்ற முதியவர். என் நண்பருக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்த குரு அவரே. வயலின் சொந்தக்காரரிடம் அனுமதி பெற்ற கடிதத்தை முதியவர் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். அனுமதியின்றி ஒருவன் நிலத்தில் கருவியோடு நுழைவது அங்கே கௌரவக் குறைவான காரியம் மாத்திரமல்ல, சட்டத்துக்குப் புறம்பானதுமாகும். அரசாங்கம் பாதுகாக்கும் புராதனச் சின்னங்கள் உள்ள இடத்திலோ, நிலத்துக்கு உடையவரே சம்மதித்தாலும், தனி உத்தரவு பெறாமல் கருவியை உபயோகிப்பதை 1979-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. பருவத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. கோதுமை அறுத்து, அரிதாள் மட்டும் நிற்கும் நாள்களுக்கும் மறுவிதைப்புக்கும் இடைப்பட்ட சில வாரங்களே இவர்களுடையவை.

வயல் வெளியில் காசும் பொத்தானும் கொளுவியும் எப்படி வந்து சேர்ந்தன என்று நான் கேட்டபோது, விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டிய விடையை நண்பர் சொன்னார். "நம் ஊரில் வீட்டுக் குப்பையும் தொழுவத்துச் சாணமும் எருக்குழியில் சேர்ந்து, கோடையில் வண்டி வண்டியாக வயலுக்குப் போகும் அல்லவா? இங்கேயும் அப்படித்தான். நடு வீட்டில் வைக்கோல் பரப்பில் தவறிய காசு, பெருக்கிய குப்பையோடு எருவில் சேர்ந்து வயலுக்கு வந்துவிட்டது. எருவைப் பரப்பியவனுக்கு அது கண்ணில் படவில்லை." நூற்றாண்டுகளாக இப்படி வந்து சேர்ந்தவை, ஏரும் டிராக்டரும் புரட்டப் புரட்ட, மேலும் கீழுமாக ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே உலவிக்கொண்டிருக்கின்றன. சந்தை கூடிய இடத்தில் சிந்தியவையும், பாதையோரம் பையின் ஓட்டை வழியே நழுவியவையும், ஆபத்துக் காலத்தில் வேண்டுமென்றே புதைத்து, மீட்க ஆள் திரும்பாமற் போனவையும் இவற்றோடு சேரும்.

மெட்டல் டிடெக்டர் என்னும் கருவியின் தத்துவத்தை என் நண்பர் அனுபவித்துச் சொல்வார். நீண்ட தண்டின் அடியில் தட்டுப் போலப் படுத்திருக்கும் சுருளில் மாறுதிசை மின்சாரம் ஓடி, மண்ணுக்குள் மாறி மாறி அலையும் காந்தப் புலத்தை அனுப்புகிறது. அந்தப் புலம் உலோகத் துண்டைத் தொட்டதும் அதில் சுழல் மின்னோட்டங்கள் பிறக்கின்றன. அவை தமக்கென ஒரு பலவீனமான காந்தப் புலத்தை உண்டாக்க, அதைச் சுருளின் மற்றொரு பகுதி உணர்ந்து சப்தமாக மாற்றிக் காதுக்குத் தருகிறது. திரும்பி வரும் புலம் எவ்வளவு தாமதித்து வருகிறது என்பதைக் கொண்டு, உலோகம் இரும்போ, ஈயமோ, வெள்ளியோ என்பதை ஓரளவு அனுமானிக்கலாம். இதே தத்துவத்தை வைத்து 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் தங்கிய குண்டைக் கண்டுபிடிக்க அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் முயன்றும் பயனில்லாமற் போயிற்று. பிறகு இரண்டாம் உலக யுத்தத்தில், போலந்து தேசத்து எஞ்சினியர் யோஸெஃப் கொஸாக்கி கண்ணிவெடிகளைக் கண்டறிய அமைத்த கருவி, 1942-இல் எல் அலமைன் யுத்தத்தில் எத்தனையோ சிப்பாய்களின் உயிரைக் காத்தது. கொலைக் கருவியைத் தேடுவதற்காகப் பக்குவப்பட்ட சாஸ்திரம், பின்னர் சமாதான காலத்தில் மறந்துபோன மனிதர்களின் சிறு உடைமைகளைத் தேடுவதற்குப் பயன்படுவது எனக்கு மிகுந்த திருப்தியைத் தந்தது.

ஆனால் கருவி செய்யும் காரியத்துக்கு எல்லை உண்டு. உலோகத்தின் தன்மையைச் சொல்லுமேயன்றி அதன் வயதைச் சொல்லாது. அலுமினியத் தாளின் கசங்கிய துணுக்கும், மெல்லிய வெள்ளிக் காசும் ஏறக்குறைய ஒரே ஸ்தாயியில் ஒலிக்கின்றன. ஆகவே கேட்பவனின் செவியே முக்கியமாகிறது. முதியவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சுருளை அரிதாளின் வேருக்குச் சற்றே மேலே, தரைக்குச் சமமாக, முன் வீச்சின் ஓரத்தைப் பின் வீச்சு தொட்டுச் செல்லும்படி நிதானமாக இடமும் வலமும் வீசி நடந்ததைப் பார்த்தபோது, நாடி பிடித்துக் கண்ணை மூடியிருக்கும் நாட்டு வைத்தியரின் முகம் என் ஞாபகத்துக்கு வந்தது. அவர் வேகமாக நடப்பதில்லை. ஒரு சப்தம் கேட்டால் சுருளை வலம் திருப்பி மறு திசையிலிருந்தும் வீசிப் பார்ப்பார். இரு திசையிலும் சப்தம் உறுதியாக ஒலித்தால் மட்டுமே நிற்பார். நண்பருக்கோ இன்னும் அவ்வளவு பொறுமை வாய்க்கவில்லை என்று முதியவர் புன்னகையோடு சொன்னார். நண்பரும் அதை மறுக்கவில்லை.

தோண்டும் முறையும் கவனிக்கத்தக்கது. காலால் மிதித்து இறக்கும் சிறு மண்வெட்டியால் மூன்று பக்கம் வெட்டி, மண்ணை அதன் புல்லோடு ஒரு கட்டியாகப் பிரித்து மடக்கி வைக்கிறார்கள்; கையளவான சிறு கருவி ஒன்றைக் குழியிலும் கட்டியிலும் காட்டிப் பொருளின் இடத்தைத் துல்லியமாக அறிந்து, விரலால் மண்ணை உதிர்க்கிறார்கள்; எடுத்த பின் மண்ணை நிரப்பி மிதித்து விடுகிறார்கள். குழியை மூடாமல் செல்பவனுக்கு அந்த ஊரில் மறுபடியும் எவரும் நிலத்தைக் காட்டுவதில்லை. முற்பகல் முழுதும் வெளிவந்தவை: வேட்டைத் துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை அடிப்பாகங்கள், கனத்த ஈயக் குண்டு ஒன்று, குதிரைச் சேணத்தின் கொளுவி, முகம் தேய்ந்த பொத்தான்கள். குப்பை என்று தோன்றியவற்றையும் அவர்கள் திரும்ப வீசிவிடுவதில்லை. அவற்றுக்கென்று தனிப் பை. அடுத்து வருபவனுக்கு அதே சப்தம் மறுபடி கேட்டு அவன் சிரமப்படக் கூடாது என்பதே காரணம்.

பிற்பகலில், வயலின் மேற்கு ஓரத்துக்குச் சமீபத்தில், நண்பர் கைகாட்டினார். உள்ளங்கையில் கிடந்தது, விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய, அரை வட்டமான, காகிதம் போல் மெல்லிய வெள்ளித் துண்டு. உடைந்தது என்று நான் நினைத்தேன். "இல்லை, வெட்டியது" என்றார் நண்பர். ஒரு பென்னிக் காசைக் குறுக்கே வெட்டினால் அரைப் பென்னி, இன்னும் வெட்டினால் கால் பென்னி. சில்லறைத் தட்டுப்பாட்டை அக்காலத்து ஜனங்கள் இவ்வாறு தீர்த்துக்கொண்டார்கள், வெட்டுவதற்கு வசதியாகக் காசின் பின்புறத்துச் சிலுவையே கோடு காட்டியது. அந்தத் துண்டில் சிலுவையின் கரம் இரட்டைக் கோடாக விளிம்பு வரை நீண்டிருந்ததால் காலமும் தெளிவாயிற்று. விளிம்பைச் சுரண்டி வெள்ளி திருடுவதைத் தடுப்பதற்காக மூன்றாம் ஹென்றி மன்னர் 1247-இல் இந்த அமைப்பைக் கொண்டுவந்தார்; 1279-இல் எட்வர்டு மன்னர் புது நாணயச் சீர்திருத்தம் செய்து, கால் பென்னிக்கும் அரைப் பென்னிக்கும் வட்டக் காசுகளையே அடிக்கத் தொடங்கவே, வெட்டும் வழக்கம் ஓய்ந்தது. எழுநூறு வருஷங்களுக்கு முன் ரொட்டியோ பீரோ வாங்க ஒருவன் முடிந்து வைத்திருந்த சில்லறை அது. நான் மண்ணைத் துடைக்கக் கைவிரலை நீட்டியதும் முதியவர் தடுத்தார். மணல் துகளோடு தேய்த்தால் எழுத்து அழியும். அவர் அதை ஒரு சிறு பிளாஸ்டிக் உறையில் இட்டு, ஜி.பி.எஸ். காட்டிய எண்களைப் பத்து இலக்கத்துக்குக் குறித்து, ஆழத்தையும் எழுதிய பிறகே அடுத்த அடி எடுத்து வைத்தார்.

இந்த வித்தையின் உயிர்நாடி அந்தக் குறிப்பேடுதான் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன். கிடந்த இடம் தெரியாத காசு ஓர் அலங்காரப் பொருள்; இடம் தெரிந்ததோ சாட்சி. சட்டன் ஹூவுக்குச் சில மைல் தூரத்தில் உள்ள ரெண்டில்ஷாம் வயல்கள் இதற்கு உத்தமமான திருஷ்டாந்தம். அந்த ஊரில் ராஜ வாசஸ்தலம் ஒன்று இருந்ததாகப் பாதிரியார் பீட் 731-இல் முடித்த தம் சரித்திர நூலில் குறித்திருக்கிறார். ஆனால் அது எங்கே என்பது தெரியவில்லை. திருடர்கள் இரவில் கருவிகளோடு வயலில் நுழைவதைக் கண்ட நிலவுடைமையாளர் மாகாணத் தொல்லியலாரை அணுக, அதன் விளைவாக 2008 முதல் 2014 வரை, ஒரே சிறு குழுவினர் ஒவ்வொரு வயலாக நடந்து, கிடைத்த ஒவ்வொரு துணுக்கையும் இடக்குறிப்போடு பதிந்தார்கள். தனித்தனியே பார்த்தால் விசேஷமில்லாத பொன் துணுக்குகளும், எடைக்கற்களும், வார்ப்பு மிச்சங்களும் படத்தில் புள்ளிகளாக ஒன்று சேர்ந்தபோது, அரசர் தங்கி, வரி வாங்கி, கம்மியரை வைத்து வேலை வாங்கிய ஒரு பெரிய குடியிருப்பு வெளிப்பட்டது. பிறகு 2022-இல் நடந்த அகழாய்வில் 23 மீட்டர் நீளமுள்ள மர மண்டபத்தின் சுவடும் கிடைத்தது.

உழவு மண்ணுக்கு அடியில் கலையாமல் இருப்பதைத் தொடாமல் நிற்பது இதைவிடக் கடினமான தர்மம். 1992 நவம்பர் 16-ஆம் தேதி, ஹாக்ஸன் கிராமத்தில், விவசாய நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடித் தர எரிக் லாஸ் என்னும் ஓய்வுபெற்ற தோட்டக்காரர் கருவியை வீசியபோது, காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும் வரிசையாக வரத் தொடங்கின. அவர் சிலவற்றை எடுத்ததும், இன்னும் ஆழத்தில் நிறைய இருப்பதை உணர்ந்து, அத்தோடு கையை எடுத்துக்கொண்டு தகவல் கொடுத்தார். மண்ணுக்கடியில் இருப்பதைத் தெரிந்துகொண்டும் எழுந்து போக எவ்வளவு மனத்திடம் வேண்டும்! அவர் அப்படி நின்றதனால்தான், தொல்லியலார் வந்து பார்த்தபோது ஓக் மரப் பெட்டியின் அடையாளமும், உள்ளிருந்த சிறு பெட்டிகளின் வெள்ளிப் பூட்டுகளும், பொருள்களுக்கு இடையே துணியையும் வைக்கோலையும் வைத்துக் கட்டிய பக்குவமும் தெரிந்தன. 14,000-க்கு மேற்பட்ட நாணயங்களோடு கிடைத்தவற்றுள் வெள்ளியில் செய்த நான்கு மிளகுச் சிமிழ்கள் உண்டு. அவற்றில் ஒன்று ராஜஸ்திரீயின் உருவம் கொண்டது; அதன் அடித்தட்டைத் திருப்பினால் மிளகை நிரப்பவும், தூவவும், மூடவும் தக்கவாறு அமைந்திருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் புதைந்த அந்தச் சிமிழில் இருந்திருக்கும் மிளகு நம் மேற்குக் கடற்கரை மிளகுதான். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கலங்களை முசிறியில் கண்டு பாடிய அகநானூற்றுப் புலவரை அறிந்த நமக்கு, சஃபோக் மண்ணுக்குள் அந்தக் கறுப்பு மணிகளின் சுவடு இருப்பது ஒரு தனி உறவைத் தருகிறது. தேடிய சுத்தியலும் பிறகு அகப்பட்டது. பிரிட்டிஷ் மியூசியத்தில் அதுவும் இருக்கிறது.

இப்படி நிறுத்தத் தெரியாதவர்களால் நேர்ந்த சேதமும் உண்டு. சர்ரே பகுதியில் வான்பரோ என்னும் ஊரின் ரோமானியக் கோயில் 1980-களில் கூட்டம் கூட்டமாகச் சூறையாடப்பட்டது. எத்தனை நாணயங்கள் அப்போது திசைதெரியாமல் விற்கப்பட்டன என்பது யாருக்கும் தெரியாது. அந்த வேதனையே பின்னாளில் 1996-ஆம் வருஷத்துப் புதையல் சட்டத்துக்கு ஒரு காரணமாயிற்று. 300 வருஷத்துக்கு மேற்பட்ட, பத்தில் ஒரு பங்காவது பொன் அல்லது வெள்ளி கலந்த பொருளையும், ஒரே இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ கிடைத்த அத்தகைய காசுகளையும் கண்டவர் 14 நாளுக்குள் கொரோனர் என்னும் அதிகாரியிடம் அறிவித்தே தீர வேண்டும். மியூசியம் வாங்கிக்கொண்டால் நியாயமான விலையில் கண்டவருக்கும் நிலத்தவருக்கும் பங்கு. 1997-இல் தொடங்கிய பதிவுத் திட்டமோ சட்டம் கட்டாயப்படுத்தாத சாமான்யப் பொருள்களையும் தாமாகவே காட்டும்படி ஜனங்களைத் தூண்டுகிறது. அதில் சேர்ந்தவை இன்று பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. கருவி தேடுவோரைத் தொல்லியலார் பகைவராகக் கருதிய காலத்தை நினைத்தால் இந்த உடன்பாடு சாமான்யமான சாதனை அல்ல. உழவு யந்திரமும் ரசாயன உரமும் நாளுக்கு நாள் மேல்மண்ணிலுள்ள உலோகத்தை அரித்துக்கொண்டிருக்கும்போது, பொறுப்புள்ளவன் எடுத்துக் குறித்து வைப்பதே மேல் என்ற கட்சியில்தான் நானும் சேர்வேன்.

எங்களுடைய அரைக் காசு தனியொரு காசாகையால் சட்டப்படி புதையலாகாது. அது வயலுக்கு உரியவருக்கே சொந்தம். மாலையில் அவருடைய சமையலறை மேஜையில் உறையோடு வைத்தபோது, அவர் முதலில் கேட்டது விலையை அல்ல, இடத்தை. எழுந்து போய், 1836-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி தசமபாக வரிக்காக வரைந்த பழைய நிலப்படத்தின் பிரதியைக் கொண்டுவந்து விரித்தார். மேற்கு ஓரத்தில், இப்போது அடையாளமே இல்லாத ஒரு நடைபாதை கோடிட்டிருந்தது. காசின் புள்ளியும், முந்திய வருஷங்களில் அதே வயலில் கிடைத்த இரண்டு கொளுவிகளின் புள்ளிகளும் அதன் ஓரமாகவே விழுந்தன. நண்பர் உத்ஸாகத்தில் பாதையின் வயதை எழுநூறு வருஷமாக்கிவிட்டார். முதியவர் அதற்கு இணங்கவில்லை. மூன்று புள்ளிகளைக் கொண்டு பாதை போட முடியாது, எரு வண்டியும் ஓரமாகக் கொட்டியிருக்கலாம் என்றார். பிறகு குறிப்பேட்டைத் திறந்து, காசின் விவரத்துக்குக் கீழே, வேறு மையில், பாதையைப் பற்றிய யோசனையை ஊகம் என்று தலைப்பிட்டு எழுதி, அடுத்த வருஷம் பார்லி அறுத்த பின் அந்தக் கோட்டின் இரு பக்கமும் வேலி முதல் வேலி வரை நடப்பதற்கு விவசாயியிடம் தேதி கேட்டார்.