வெல்கம் பேக்

என் மனைவி இறந்து பத்து மாதம் கழித்து அவள் கையெழுத்தைப் போட்டேன். பேனாவால் அல்ல, ஓடிபியால்.

ரிட்டயர்டு தலைமையாசிரியை. 2023 செப்டம்பர் நடுவில் போய்விட்டாள். எங்கள் இருவருக்கும் வருமான வரி ரிட்டர்ன் போடுவது அவள்தான். நான் காபி போட்டுக் கொடுத்ததோடு சரி. 2024 ஜூலை 31, கடைசி நாள். கே.கே. நகர் வீட்டுச் சாமி அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருந்த அவள் போனை எடுத்தேன். பாஸ்வேர்டு டைரியில் இருந்தது. வரித் தளத்துக்குள் போனதும் 'வெல்கம் பேக்' என்று அவள் பெயர். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வாரிசாகப் பதிந்துவிட்டுத்தான் போட வேண்டும் என்பது தெரியாமல் இல்லை. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ், இருவர் பான் கார்டு எல்லாமே பீரோவில் இருந்தன. இருந்தும், போன் அதிர்ந்ததும் அந்த ஆறு எண்ணைத் தட்டினேன்.

விஷயம் தெரிந்து மகள் கேட்டபோது, "அம்மா இல்லைன்னு அதுல எழுத மனசு வரலைம்மா" என்றேன். அழுதுவிட்டாள்.

பாதிதான் நிஜம். இறந்த நாள் வரைக்குமான வருமானம்தான் அவள் கணக்கில் வர வேண்டும்; அதற்குப் பிறகு அவள் டெபாசிட்டுக்கு வந்த வட்டி என் கணக்கு. 12 லட்சத்துக்கு வருஷ வட்டி 84,000. என் பென்ஷனும் குடும்ப ஓய்வூதியமும் சேர்ந்து நான் 20 சதவீதத்தில் நிற்பவன். அவளுக்கோ பழைய முறையில் மூத்த குடிமக்களுக்கான 3 லட்சம் வரம்பு, வட்டியில் 50,000 வரை கழிவு. முழு வட்டியையும் அவள் தலையில் கட்டினால் வரி பூஜ்யம். கட்டினேன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்த டியூஷன் காசைக்கூட ரிட்டர்னில் காட்டியவள் அவள்.

அப்புறம் பஸ்ஸில் பீபிகுளம் வருமான வரி அலுவலகத்தைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன். என்னை யார் தேடினார்கள்!

டிசம்பரில் அண்ணா நகர் ஆடிட்டரிடம் கொட்டிவிட்டேன். "இறந்தவங்க வரிக்கு வாரிசுதான் சார் பொறுப்பு, 159-வது பிரிவு. அவங்க விட்டுட்டுப் போன சொத்து அளவுக்கு" என்றார். திட்டவில்லை. வாரிசுப் பதிவு முடிந்ததும், மாசக் கடைசிக்குள் இரண்டு ரிட்டர்னையும் திருத்திப் போட்டோம். கூடுதலாக 9,000 சொச்சம் கட்டினேன்.

மகளிடம், "அம்மா ரிட்டர்னை முறைப்படி மாத்திட்டேன்" என்று மட்டும் சொன்னேன். "கஷ்டமா இருந்திருக்கும்லப்பா" என்றாள். ஆமாம் என்றேன். அந்த 9,000 பற்றி இதுவரை சொல்லவில்லை.