பிளைட், ஜெட்டி, ஃபெர்ரி... ஹேவ்லாக் போய்ச் சேரவே ஒரு நாள்!

அந்தமான் என்றதும் எல்லோரும் கடற்கரை போட்டோக்களைத்தான் காட்டுகிறார்கள். அந்தக் கடற்கரைக்குப் போய்ச் சேர்கிற நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஜனவரியில் நானும் என் கணவரும் ஹேவ்லாக் தீவுக்குப் போய் வந்தோம். ஐந்து நாள் பயணத்தில் எனக்கு அதிகம் நினைவில் நிற்பது முதல் நாள்தான். அன்று நாங்கள் எதையும் ‘சுற்றிப் பார்க்க’வில்லை!

சென்னையிலிருந்து கப்பலில் போனால் ஏறக்குறைய 3 நாள். விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். நாங்கள் பிடித்தது காலை 7 மணி விமானம். கிளம்பியதிலிருந்து ஜன்னலுக்கு வெளியே நீலத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. இறங்கப் போகிறோம் என்று அறிவிக்கும்போதுதான் கடலில் பாசி மிதப்பதுபோல் பச்சைத் திட்டுகள் தெரிய ஆரம்பித்தன. எல்லாம் தீவுகள். ஓரங்களில் மணல் வெள்ளையாக ஒரு கோடு, அதைச் சுற்றி வெளிர் பச்சைத் தண்ணீர். நூற்றுக்கணக்கான இந்தத் தீவுகளில் மனிதர்கள் வசிப்பவை மிகச் சில.

போர்ட் பிளேர் என்று நாம் பழகிய ஊருக்கு 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். ஹேவ்லாக்கும் 2018-லேயே ஸ்வராஜ் த்வீப் ஆகிவிட்டது. டிக்கெட்டில் ஒரு பெயர், ஆட்டோக்காரர் வாயில் ஒரு பெயர் என்று இரண்டும் புழங்குகின்றன. இரண்டையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

எங்களுக்குக் கிடைத்த ஆட்டோக்காரர் நாங்கள் பேசுவதைக் கேட்டு, “தமிழாம்மா? எங்க அப்பா ராமநாதபுரம். நான் பொறந்தது இங்கதான்” என்றார். அங்கே தமிழ் கேட்பது அதிசயமே இல்லை. தமிழ்ச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு அங்கே காவடி எடுக்கிறார்கள்.

“ஃபெர்ரி எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். மதியம் 2 மணி என்றோம். “அப்ப இட்லி மட்டும் சாப்பிடுங்க. பிரியாணி கிரியாணி வேணாம். ஒரு மணிக்கு வாந்தி மாத்திரை போட்டுக்குங்க” என்று சொல்லி, ஒரு மெஸ் வாசலில் இறக்கிவிட்டார். எந்தப் பயண வழிகாட்டியும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்காது.

காத்திருக்கும் நேரம்

ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து வடகிழக்கே சுமார் 40 கி.மீ. தூரத்தில் இருக்கிறது ஹேவ்லாக். பாலம் கிடையாது, சாலை கிடையாது. அரசு படகு, அல்லது தனியார் ஃபெர்ரி. ஒரு மணி நேரம் முன்னதாகவே ஜெட்டிக்கு வரச் சொல்கிறார்கள். அடையாள அட்டை பார்க்கிறார்கள், பெட்டியை ஸ்கேன் செய்கிறார்கள், பிறகு உட்காரச் சொல்கிறார்கள். கடல் ஒத்துழைத்தால் கிளம்பும். காற்று பலமாக இருந்தால் அன்றைக்குப் படகே இல்லை என்றும் சொல்வார்கள். யாரிடமும் சண்டை போட முடியாது.

நாங்கள் 12 மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். இங்கே எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணமாகி 29 வருடம். கடைசி ஆறு வருடங்கள் என் மாமியார் படுத்த படுக்கையாக இருந்தார். யாராவது ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். அவர் கல்யாணத்துக்குப் போனால் நான் வீட்டில். நான் ஊருக்குப் போனால் அவர் வீட்டில். அந்த ஆறு வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு சினிமாகூடப் பார்த்ததில்லை. அத்தை போய், வருஷத் திதியும் முடிந்த பிறகு, மகள்தான் இந்த டிக்கெட்டைப் போட்டுக் கையில் கொடுத்தாள்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. மருந்து, டாக்டர், ஆக்ஸிஜன் சிலிண்டர் தவிர எங்களுக்குப் பேச வேறு என்ன இருக்கிறது?

சரியாக 1 மணிக்கு அவர் போனில் அலாரம் அடித்தது. திரையில் ‘அம்மா மாத்திரை’ என்று வந்தது.

“இதை இன்னுமா வச்சிருக்கீங்க?”

“எடுக்கத் தோணல.” அலாரத்தை நிறுத்திவிட்டு, எனக்கு ஒரு வாந்தி மாத்திரையைக் கிழித்துக் கொடுத்தார். தானும் ஒன்று போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே பேச ஆரம்பித்தார். “அம்மா கல்யாணமாகி மெட்ராஸ் வந்தப்பதான் முதல்முதலா கடலைப் பார்த்தாங்களாம். மெரினால கால் நனைச்சுக்கிட்டே, ‘இதுக்கு அந்தப் பக்கம் என்ன ஊரு இருக்கு?’ன்னு அப்பாவைக் கேட்டாங்களாம். அப்பா யோசிச்சு, ‘அந்தமான்’னாராம். ‘கூட்டிட்டுப் போவீங்களா’ன்னு கேட்டதுக்கு, ‘அது ஜெயிலு’ன்னுட்டாராம்!”

29 வருடத்தில் இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை. படகு அரை மணி தாமதம் என்று அறிவித்தார்கள். சுற்றியிருந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். நாங்கள் டீ வாங்கிக்கொண்டோம்.

நடு இருக்கையே நல்லது

தனியார் ஃபெர்ரி ஏ.சி. பஸ் மாதிரி இருக்கிறது. கண்ணாடி ஜன்னல், வரிசையாக இருக்கைகள். துறைமுகம் தாண்டும்வரை ஏரியில் போவதுபோல்தான் இருக்கும். அதன் பிறகு படகின் முன்பகுதி ஏறி ஏறி இறங்கும். எங்களுக்கு முன் வரிசையில் புதுசாகக் கல்யாணமான ஜோடி. பத்து நிமிடம் செல்ஃபி, அடுத்த அரை மணி நேரம் பிளாஸ்டிக் கவர். அந்தப் பையன் மனைவியின் நெற்றியைப் பிடித்துக்கொண்டே இருந்தான். ஹனிமூனுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் வேண்டுமா என்ன!

படகில் ஆட்டம் குறைவாக இருப்பது நடுப்பகுதியிலும் அதற்குச் சற்றுப் பின்னாலும். போனைப் பார்க்காமல் தூரத்தில் வானமும் கடலும் சேருகிற கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் தலைசுற்றல் மட்டுப்படும். இரண்டு மணி நேரத்துக்குள் ஹேவ்லாக் ஜெட்டி வந்துவிட்டது. அங்கே தண்ணீரின் நிறத்தைப் பார்த்ததும் அந்தப் புதுப்பெண் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்தரைக்கே இருட்டு

ஹேவ்லாக்கில் அதிகம் இருப்பவர்கள் வங்காளிகள். 1950-களில் அன்றைய கிழக்கு பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கு இங்கே நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார்கள். அதனால்தான் கோவிந்த நகர், விஜய நகர், ராதா நகர் என்று ஊர்ப் பெயர்கள். வழியெல்லாம் பாக்குத் தோப்பு, வாழை, வயல். கும்பகோணம் பக்கம் போகிற மாதிரியே இருந்தது.

அறைக்குப் போய்ச் சேரும்போது மணி நாலே முக்கால். உலகப் புகழ்பெற்ற ராதா நகர் கடற்கரை தீவின் மேற்குப் பக்கம். 2004-ல் ‘டைம்’ பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது இதைத்தான். சூரிய அஸ்தமனத்துக்கு அங்கே போய்விடலாம் என்றுதான் பலரும் திட்டம் போடுகிறார்கள். ஆனால் அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரமோ நம்முடையதுதான். சென்னையைவிடச் சுமார் 50 நிமிடம் முன்னதாகவே சூரியன் மறைந்துவிடும். ஜனவரியில் ஐந்தேகாலுக்கு அஸ்தமனம், ஐந்தரை தாண்டினால் இருட்டு.

நாங்கள் எங்கேயும் ஓடவில்லை. விஜய நகர் பக்கம், அறைக்கு எதிரிலேயே கடல். நீர் உள்வாங்கியிருந்தது. ஈரமணலில் சின்னச் சின்ன நண்டுகள் ஓடின. அவர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீர் வரை நடந்தார். நான் செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். ஏழு மணிக்கு மீன் குழம்பும் சோறும். எட்டு மணிக்குத் தூக்கம். மறுநாள் ஆறு மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிட்டது.

கிளம்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

• நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை போகலாம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும்.

• காலை விமானம், மதியம் ஃபெர்ரி என்றால் நடுவில் குறைந்தது மூன்று, நான்கு மணி நேரம் விடுங்கள். ஃபெர்ரி டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

• அடையாள அட்டையின் அசல் கைப்பையிலேயே இருக்கட்டும்.

• 2020-ல் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் போட்ட பிறகு நெட் பரவாயில்லை. இருந்தாலும் டிக்கெட்டுகளை போனில் சேமித்து வையுங்கள், கொஞ்சம் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள்.

• திரும்பும்போது, விமானத்துக்கு முந்தைய நாளே ஸ்ரீ விஜயபுரம் வந்துவிடுங்கள். படகு ரத்தானால் விமானமும் போய்விடும். அந்த ஒரு நாளில் செல்லுலார் சிறையைப் பார்க்கலாம். 1906-ல் கட்டி முடித்தது. ஏழு பிரிவுகளில் மூன்றுதான் இன்று மிச்சம். என் மாமனார் சொன்ன ‘ஜெயிலு’ அதுதான்!