மூன்று பேர் கேட்கும் வீடு

சென்னையிலோ கோவையிலோ நல்ல தெருவில் ஒரு வீடு விலைக்கு வந்தால், சில நாட்களிலேயே இரண்டு மூன்று பேர் விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அதிகம் சொன்னவருக்கே முடித்துவிடலாம் என்று வீட்டாரும் சொல்வார்கள், தரகரும் சொல்வார். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நல்ல விலையைத் தேடுவது விற்பவரின் உரிமை, அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வாயால் சொன்ன தொகைகளை அப்படியே வரிசைப்படுத்திப் பெரியதைப் பொறுக்குவது சரியான கணக்கு ஆகாது. பணம் எங்கிருந்து வருகிறது, என்றைக்கு வரும், எந்த வழியில் வரும் என்று தெரிந்த பிறகே 85 லட்சம் 80 லட்சத்தைவிடப் பெரியதா என்று சொல்ல முடியும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 85 லட்சம் சொன்னவர் வங்கிக் கடனில் வாங்கப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் என்றால், சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு. 68 லட்சம் கடன் கிடைக்கும், 17 லட்சம் கையிலிருந்து போட்டால் போதும் என்பது அவர் போட்ட கணக்கு. வங்கி பேசிய விலையை மட்டும் நம்பாது, தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். போட்டியில் ஏறிய விலை அவருடைய அறிக்கையிலும் ஏறும் என்று எதிர்பார்க்க முடியாது. கட்டடம் பழையது, 75 லட்சம்தான் பெறும் என்று அவர் எழுதிவிட்டால் கடன் 60 லட்சத்தோடு நின்றுவிடும். கையிலிருந்து போட வேண்டியது 25 லட்சம் ஆகிவிடும். இதற்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 7 லட்சத்து 65 ஆயிரம் வேண்டும். 24 லட்சத்து 65 ஆயிரம் போதும் என்று நினைத்திருந்தவர் 32 லட்சத்து 65 ஆயிரம் புரட்ட வேண்டும். அந்த 8 லட்சம் புரளாதபோது விலையைக் குறைக்கச் சொல்வார், அல்லது தவணை கேட்பார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். இன்னொருவர் கேட்கிறார் என்ற பதற்றத்தில் தன் சக்திக்கு மேல் சொல்லிவிட்டவர் அவர். 80 லட்சம் சொன்னவர் கடன் அனுமதிக் கடிதத்தையும் வங்கியில் இருக்கும் மீதிப் பணத்தையும் காட்டுகிறார் என்றால், என் கணக்கில் அவர் சொன்னதே பெரிய விலை.

பின்வாங்கினால் அட்வான்ஸ் நமக்குத்தானே, இதில் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. அவ்வளவு எளிதாக முடியும் காரியம் இல்லை. கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கட்டாயம். பதிவானதும் அது வில்லங்கச் சான்றிதழில் ஏறிவிடும். அதை ரத்து செய்ய வேண்டுமானால் பின்வாங்கியவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். கொடுத்த பணம் முழுதும் திரும்ப வந்தால்தான் போடுவேன் என்று அவர் நின்றால், அடுத்து வாங்க வருபவரின் வங்கி வழக்கறிஞர் அந்தப் பதிவைப் பார்த்தே ஒப்புதல் தர மறுப்பார். ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி வழக்குப் போட, குறித்த தேதியிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் சட்டத்தில் இருக்கிறது. குறிப்பிட்ட நிறைவேற்றத்தை மறுக்க நீதிமன்றத்துக்கு இருந்த விருப்புரிமையை 2018ஆம் ஆண்டுத் திருத்தம் பெருமளவு குறைத்தும்விட்டது. இந்த இழுபறியில் வீடு பூட்டிக் கிடக்க, 80 லட்சத்தோடு வந்தவர் வேறு வீடு பார்த்துக் குடியேறியிருப்பார். பிடித்துக்கொண்ட அட்வான்சும் 2014 முதல் வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படுகிறது.

ரொக்கமாக ஒரு பகுதியைத் தருகிறேன், அதனால் கூட்டித் தருகிறேன் என்பவரைப் பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை. சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விற்றவர் தலையில்தான் விழும், விற்பனை நடக்காமல் போனாலும் கூட. அந்தத் தொகையைக் கழித்துவிட்டே அவர் விலையைப் படிக்க வேண்டும்.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் கனமானது வேறொன்று. விலையை மட்டும் பார்ப்பவர் ஆளைப் பார்ப்பதில்லை. விலையைத் தாண்டிப் பார்க்கலாம் என்று சொன்னால் சாதி, மதம், என்ன சாப்பிடுவார் என்பவையெல்லாம் பின்வாசல் வழியாக நுழைந்துவிடாதா? நுழையும். நம் ஊர்களில் "நல்ல பார்ட்டி" என்ற பேச்சுக்குள் பல நேரம் இதுதான் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, எல்லோரிடமும் அவற்றை மட்டுமே கேட்க வேண்டும் என்கிறேன். எவ்வளவு, கடன் எவ்வளவு, கைப்பணம் எவ்வளவு, பதிவு என்றைக்கு, முழுத் தொகையும் வங்கி வழியாகத்தானா? அதற்கு மேல் எதையும் கேட்க விற்பவருக்குத் தேவை இல்லை. யாரை ஒதுக்கினோம் என்பதற்கு இந்தப் பதில்களிலிருந்தே காரணம் காட்ட முடியவில்லை என்றால், அந்தத் தேர்வில் அநியாயம் இருக்கிறது.

கேட்கும் முறையும் முக்கியம். ஒருவரிடம் போய் "அவர் 83 சொல்லிவிட்டார்" என்று சொல்லி ஏற்றி, மறுபடி முதலாமவரிடம் வருவதே இங்கே வழக்கம். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கும் தரகருக்கு, சொல்லாத விலையைச் சொன்னதாகக் கூறும் சபலமும் வரலாம். அது பொய், அதைத் தரகர் சொன்னாலும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. ஸ்காட்லாந்தில் பலர் கேட்கும் வீட்டுக்கு ஒரு முடிவு நாள் குறித்து, வழக்கறிஞர்கள் வழியாக மூடிய விலை வாங்குவது நெடுநாள் வழக்கம். மிக உயர்ந்த விலையைத்தான் ஏற்க வேண்டும் என்ற கட்டாயமும் அங்கே விற்பவருக்குக் கிடையாது. நாமும் ஒரு தேதி சொல்லி, இன்னும் சிலர் கேட்கிறார்கள் என்ற உண்மையை எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரிவித்து, இறுதித் தொகையை எழுத்தில் கேட்கலாம். இப்படிச் செய்தால் விலை ஏறாதே என்பார்கள். சில நேரம் ஏறாமலும் போகலாம். ஆனால் வெளிப்படையான போட்டியிலும் இரண்டாமவர் ஓய்ந்த இடத்தில் விலை நின்றுவிடுகிறது. முதலாமவர் அதற்கு மேல் எவ்வளவு தரத் தயாராக இருந்தார் என்பது யாருக்கும் தெரிவதில்லை. எதிராளி என்ன எழுதுவார் என்று தெரியாதவர் தன் பணத்தை எண்ணிப் பார்த்தே எழுதுவார். அப்படி எழுதிய தொகையிலிருந்து பிறகு பின்வாங்கும் ஆபத்தும் குறைவு.

அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று பலர் பங்குதாரர்களாக இருக்கும் பரம்பரை வீட்டில் இது இன்னும் அவசியம். ஆளுக்கொரு வாங்குபவரை அழைத்து வந்து, ஆளுக்கொரு டோக்கன் வாங்கி வைத்துக்கொண்ட பிறகு பேச உட்கார்ந்தால் சண்டையில்தான் முடியும். டோக்கன் ஒருவரிடம் மட்டும், எல்லாப் பங்குதாரர்களும் சம்மதித்த பிறகு மட்டும். இரண்டாவதாக நிற்பவரிடம் அன்றைக்கே விஷயத்தைச் சொல்லிவிடலாம்: வேறொருவருக்குப் பேசி முடித்திருக்கிறோம், குறித்த தேதிக்குள் அவருடைய கடன் அனுமதி வராவிட்டால் உங்களைக் கூப்பிடுவோம், அதுவரை நீங்கள் வேறு வீடு பார்ப்பதற்குத் தடை இல்லை. முதலாமவரின் ஒப்பந்தத்திலும் அதே தேதியை எழுதி, கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் எவ்வளவு நாளில் திரும்பும், ரத்துப் பத்திரத்தில் அவர் எப்போது கையெழுத்திடுவார் என்பதையும் சேர்த்துவிட வேண்டும்.