கடன் வைக்காமல் சென்ற வாப்பா



ஒருவர் வஃபாத்தாகிவிட்டால் மய்யித்து வீட்டு வாசலில் கூடும் மக்கள் அவரைப் பற்றி நான்கு நல்ல வார்த்தைகள் சொல்லிவிட்டுக் கலைகிறார்கள். நல்ல மனிதர், ஐவேளையும் ஜமாஅத்தில் நின்றவர், யாரிடமும் வம்புக்குப் போகாதவர் என்பார்கள். அவை உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அவை தெரு அறிந்த உண்மைகள். ஒரு மனிதர் தம் வீட்டுக்குள் எப்படி வாழ்ந்தார் என்பதை மனைவியும் மக்களும் பேரப்பிள்ளைகளுமே அறிவார்கள். தம் குடும்பத்தாரிடம் நல்ல முறையில் நடப்பவரே மனிதர்களில் சிறந்தவர் என்ற கருத்தமைந்த நபிமொழியை நாம் மேடைதோறும் கேட்கிறோம். ஆனால் அந்தக் குடும்பத்தாரிடம் போய் அவர் எப்படி நடந்தார் என்று கேட்பவர் எத்தனை பேர்?

என் வாப்பா 2022-ஆம் ஆண்டில் தமது 72-ஆவது வயதில் இறையடி சேர்ந்தார்கள். அவர்கள் ஊர்த் தலைவரும் அல்லர், ஆலிமும் அல்லர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பாய் நெசவாளி. திருநெல்வேலிக்கு மேற்கே, சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடைதான் எங்கள் ஊர். பத்தமடைக் கோரைப்பாயை அறியாத தமிழ் வீடு குறைவு. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, வெயிலில் காயவைத்து, ஓடும் நீரில் பல நாள் ஊறப்போட்டு, மீண்டும் உலர்த்திச் சாயம் ஏற்றிப் பருத்தி நூற்பாவில் நெய்வார்கள். கோரையை எவ்வளவு மெல்லிதாகக் கீறுகிறோமோ அவ்வளவு நயமான பாய் கிடைக்கும். உயர்ந்த ரகமான பட்டுப்பாயைத் துணிபோல் மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொள்ளலாம். முரட்டுப் பாய் ஒன்றை ஒரே நாளில் முடித்துவிடலாம். பட்டுப்பாய்க்கோ வாரக்கணக்கில் தறியடியில் அமர வேண்டும்.

எங்கள் வீட்டில் தறி தரையோடு தரையாக இருந்தது. வாப்பா அச்சுக் கட்டையை நகர்த்தி அடிப்பார்கள். உம்மா நீண்ட குச்சியில் கோரையைக் கோத்து நூல்களுக்கிடையே செலுத்துவார்கள். ஒருவர் தாமதித்தால் மற்றவரும் நிற்க வேண்டும். அவ்விருவரும் நாற்பத்தெட்டு ஆண்டுகள் இப்படி ஒருவருக்கொருவர் கைகொடுத்தே வாழ்ந்தார்கள்.

வாப்பாவிடம் குறையே இல்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அவர்களுக்கு முன்கோபம் உண்டு. பாவில் ஒரு நூல் அறுந்தாலும் வீடு அதிரும். பிள்ளைகளை வாய்விட்டுப் பாராட்டியதை நான் கேட்டதில்லை. நான் பட்டம் பெற்றுவந்த நாளில்கூட, "சரி, சாப்பிட்டாயா?" என்றுதான் கேட்டார்கள். அவர்களுடைய அன்பு பேச்சில் வந்ததில்லை. அது எங்கே இருந்தது என்பதை அவர்களுடைய ஜனாஸா அன்றுதான் ஊரார் பலரும் அறிந்தார்கள்.

ஜனாஸாவைத் தூக்குவதற்கு முன்பு விதவையிடம், "மஹரை மன்னித்துவிட்டாயா?" என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே இன்றும் சில இடங்களில் உண்டு. வாழ்நாள் முழுவதும் கொடுக்காத கடனை, அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் அந்த வேளையில் கேட்டால் அவள் மறுக்கவா போகிறாள்? அன்று எங்கள் உம்மாவிடமும் உறவுக்காரப் பெண் ஒருவர் அவ்வாறு கேட்டார். உம்மா தலை நிமிர்ந்து, "மன்னிக்க என்ன இருக்கிறது? பிள்ளைகளின் வாப்பா அதை என்றைக்கோ கொடுத்துவிட்டார்கள்" என்றார்கள்.

இத்தாவிலிருந்த நான்கு மாதம் பத்து நாளில், நான் கேட்கக் கேட்க உம்மா அதைச் சொன்னார்கள். 1974-இல் நிகாஹ் நடந்தபோது எழுதப்பட்ட மஹர் 501 ரூபாய். அன்று அந்தத் தொகைக்கு ஒரு பவுன் வாங்க முடிந்திருக்கும். ஆனால் வாப்பாவின் கையில் அப்போது பணமில்லை. பிறகு நாங்கள் நான்கு பிள்ளைகள் பிறந்தோம். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1986-இல், ஒரு நாள் இரவு வாப்பா உம்மாவின் கையில் ஒரு பவுன் காசை வைத்தார்கள். 501 ரூபாய்க்கு அப்போது மூன்றில் ஒரு பங்குப் பவுன்கூடக் கிடைக்காது. "நீங்கள் தர வேண்டியது 501 ரூபாய்தானே, இது எதற்கு?" என்று உம்மா கேட்டார்களாம். "கடன் 501-தான். ஆனால் அன்றைக்கே கொடுத்திருந்தால் நீ இதைத்தானே வாங்கியிருப்பாய்? மிச்சத்தை என் அன்பளிப்பாக வைத்துக்கொள்" என்று வாப்பா சொன்னார்களாம். மூன்று ஆண்டுகள் தம் பங்குத் தேநீரைக் குறைத்து, இரவில் விளக்கடியில் கோரை கீறிச் சேர்த்த காசு அது. பிள்ளைகளாகிய எங்களுக்கு அது தெரியாது. உம்மா மட்டுமே அறிந்திருந்த செய்தி அது.

இனி மக்களாகிய எங்களைப் பற்றி. 1990-களில் பிளாஸ்டிக் பாய்கள் மலிவாக வந்து குவிந்தபோது எங்கள் தெருவில் பல தறிகள் நின்றன. பையன்களைப் படிப்பிலிருந்து நிறுத்தி வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பிவிடும்படி பலர் அறிவுரை கூறினார்கள். வாப்பா மறுத்துவிட்டார்கள். என்னைக் கலைக் கல்லூரியிலும், தங்கையர் இருவரையும் பேருந்தில் அனுப்பி மேல்நிலைப் பள்ளியிலும் படிக்கவைத்தார்கள். எங்களுக்கு நெசவு கற்றுத்தந்ததோடு கணக்கும் கற்றுத்தந்தார்கள். தெருவிலுள்ள பெண்களுக்குக் கோரையும் நூலும் கொடுத்துப் பாய் நெய்து வாங்குவார்கள். கூலியை வியாழக்கிழமை இரவே வீடு தேடிப்போய்க் கொடுத்துவிடுவார்கள். அந்த நோட்டுப் புத்தகத்தை எழுதும் பொறுப்பு பத்து வயதிலிருந்து என்னுடையது.

ஜனாஸாத் தொழுகைக்கு முன்பு, வாப்பாவிடமிருந்து யாருக்கேனும் வரவேண்டிய பாக்கி இருந்தால் என்னிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம் என்று நான் அறிவித்தேன். யாரும் வரவில்லை. மறுநாள் மூன்று நெசவுப் பெண்கள் வந்தார்கள். முன்பணமாக வாங்கியதை இன்னும் நெய்து கழிக்கவில்லை, என்ன செய்வதென்று கேட்டார்கள். நோட்டைப் பிரித்தேன். அவர்கள் மூவரின் பக்கங்களும் குறுக்கே கோடிடப்பட்டு, "ஹலாலாக்கிவிட்டேன்" என்று வாப்பாவின் கோணல் எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. சென்ற ரமலானில் போட்ட கோடுகள் அவை.

அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு பாக்கி இருந்தது. பக்கத்து ஊர் இந்துக் குடும்பம் ஒன்று தங்கள் மகளின் திருமணத்துக்காக மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய்க்கு 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தது. பாய் பாதியளவில் தறியிலேயே நின்றது. பணத்தைத் திருப்பித் தந்துவிடலாம் என்றேன். உம்மா சம்மதிக்கவில்லை. "வாக்குக் கொடுத்தது பாய்க்கு. பணத்தைக் கொடுத்தால் கல்யாணத்துக்குப் பாய் வந்துவிடுமா?" என்றார்கள்.

இங்கேதான் மூன்றாவது சாட்சி வருகிறாள். எங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் பாட்டனாரை 'அப்பா' என்றே அழைப்பார்கள். எங்களைப் பாராட்டாத வாப்பா, பேரப்பிள்ளைகளிடம் வேறு மனிதராக இருந்தார்கள். மடியில் வைத்துக்கொண்டு பாவு நூல்களை எண்ணச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆணாயினும் பெண்ணாயினும், பிறந்த பேரப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவில், ஒரே ரகத்தில், பெயர் நெய்த சிறு பாய் ஒன்று உண்டு. மூத்த தங்கையின் மகளுக்கு அப்போது 16 வயது. பாயில் எழுத்து விழும்படி நூல் எடுக்கும் கணக்கை அவளுக்கு மட்டுமே அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எங்களில் யாருக்கும் அது தெரியாது. இத்தாவில் வீட்டோடு இருந்த உம்மா குச்சியைச் செலுத்த, வாப்பா அமர்ந்த இடத்தில் பேத்தி அமர்ந்து அச்சு அடித்தாள். முதல் நாள் இருவரும் நெய்ததைவிட அழுததே அதிகம். திருமணத்துக்கு மூன்று நாள் முன்னதாகப் பாய் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகே நான் அந்தக் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டேன்.

எஞ்சியது சொத்து. மார்க்கச் சட்டப்படி கடனும் மரண சாசனமும் நிறைவேறிய பின்னரே பங்கீடு. வாப்பாவின் பெற்றோர் முன்பே காலமாகிவிட்டதால், மனைவி, இரு மகன்கள், இரு மகள்கள் என ஐந்து பேரே வாரிசுகள். மொத்தம் 48 பங்கு. அதில் எட்டில் ஒன்றாகிய 6 பங்கு உம்மாவுக்கு. மீதமுள்ள 42-இல் மகன்களுக்குத் தலா 14, மகள்களுக்குத் தலா 7. வீடு 12 இலட்சம் ரூபாய் மதிப்பிடப்பட்டது. ஆக உம்மாவுக்கு ஒன்றரை இலட்சம், தம்பிக்கும் எனக்கும் தலா மூன்றரை இலட்சம், தங்கையருக்குத் தலா ஒன்றே முக்கால் இலட்சம்.

"நகை போட்டுக் கட்டிக்கொடுத்த பெண்களுக்கு இனி என்ன பங்கு?" என்று உறவினர் ஒருவர் கேட்டார். இந்தக் கேள்வி நம் சமுதாயத்தில் எத்தனை சகோதரிகளின் உரிமையை விழுங்கியிருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். வாப்பா இதற்கும் முன்பே விடை சொல்லியிருந்தார்கள்: "கல்யாணத்தில் கொடுத்தது நான் கொடுத்தது. பங்கு அல்லாஹ் கொடுத்தது. அதைக் கழிக்க நான் யார்?" வீட்டை விற்க எங்களுக்கு மனமில்லை. வளைகுடாவில் வேலை பார்க்கும் தம்பி ஒரு தங்கையின் பங்கை உடனே கொடுத்துவிட்டான். மதரஸா ஆசிரியரின் ஊதியம் நீங்கள் அறிந்ததே. மற்றத் தங்கையின் பங்கை நான் மாதத் தவணையாகக் கொடுத்து வருகிறேன். வேண்டாம் என்று அவள் பலமுறை சொல்லிவிட்டாள். ஆனாலும் ஒவ்வொரு தவணையும் வாப்பாவின் அதே நோட்டில் ஏறுகிறது. உம்மாவின் பங்கு வீட்டிலேயே இருக்கிறது. அவர்கள் தம் சொந்த வீட்டில் வாழ்கிறார்கள்.

மனிதன் இறந்த பின்னும் அவனை வந்தடையும் நன்மைகளாக நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, துஆச் செய்யும் நல்ல பிள்ளை ஆகிய மூன்றை நபியவர்கள் எடுத்துரைத்தார்கள். கோடு போடப்பட்ட அந்தப் பக்கங்களையும், பேத்தியின் விரல்களில் இருக்கும் எழுத்துக் கணக்கையும் பார்க்கும்போதெல்லாம் அந்தப் போதனையே என் நினைவுக்கு வருகிறது.

சகோதரர்களே, உங்கள் மனைவியின் மஹர் நிலுவையில் இருந்தால் இந்த மாதமே அதைக் கணக்கெடுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிவைத்து, எழுதியது எங்கே இருக்கிறதென்று வீட்டாரிடம் சொல்லுங்கள். சகோதரிகளே, உங்கள் தாயார் உயிரோடிருக்கும்போதே அருகில் அமர்ந்து, "வாப்பா உங்களை எப்படி வைத்துக்கொண்டார்கள்?" என்று கேளுங்கள். வேறு எங்கும் கிடைக்காத செய்தி அங்கே கிடைக்கும்.

வல்ல ரஹ்மான் என் வாப்பாவின் பிழைகளைப் பொறுத்து, அவர்களுடைய கப்ரை விசாலமாக்கி வைப்பானாக! நம் அனைவரையும், விட்டுச் செல்லும் வீட்டாரை யாரிடமும் தலைகுனிய வைக்காதவர்களாக ஆக்குவானாக! ஆமீன்.